கோடு மட்டும் தெரிகிறது

மெய்ப்பிப்பு நிறுவனத்தில் யாரும் யாரையும் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்பதில்லை. ‘நல்லா’ என்பதை அளக்க இன்னும் கருவி வரவில்லை. எனவே அந்தக் கேள்விக்குப் பொருள் கிடையாது என்று வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக எதிரே வருபவரைப் பார்த்து, ‘எனக்கு இப்போது நீங்கள் தெரிகிறீர்கள்’ என்று சொல்ல வேண்டும். அவரும் ‘எனக்கும் நீங்கள் தெரிகிறீர்கள்’ என்று சொல்லிவிட்டால் மரியாதை முடிந்தது. பிடிக்காதவர் எதிரே வந்தால் சிலர் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்கள். தெரியவில்லை என்பதும் ஒரு காட்சிதான் என்று விதியில் இடம் இருக்கிறது.

இந்தப் பழக்கம் லேசில் விடாது. வாயிற்காவலர் ஒருநாள் வீட்டுக்குப் போய்த் தட்டின் முன் உட்கார்ந்து, ‘எனக்கு இப்போது சோறு தெரியவில்லை’ என்று சொல்லி மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கண்ணால் கண்டதையும் கருவியால் அளந்ததையும் மட்டுமே பேச வேண்டும், மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்பதுதான் நிறுவனத்தின் அடிப்படை விதி. இதற்கு நேர்க்காட்சிவாதம் என்று பெயர். வாய்க்கு வந்ததையெல்லாம் அறிவு என்று விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அறிவியலைக் காப்பாற்றுவதற்காகச் சில நேர்மையான மனிதர்கள் உண்டாக்கிய கொள்கை. கொள்கையில் பெரிய குற்றம் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கட்டடமும் ஒரு தலைவரும் கிடைத்தார்கள், அங்கேதான் சனியன் பிடித்தது.

கொள்கையை எதிர்ப்பவர்களும் அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள். எதிர்ப்பவர்களுக்கும் சம்பளமும் மின்விசிறியும் வேண்டும் அல்லவா. தரைத்தளம் முழுவதும் மெய்ப்பிப்புப் பிரிவு. முதல் மாடியில் மறுப்புப் பிரிவு. இரண்டாம் மாடியில் சட்டகப் பிரிவு. மூன்று பிரிவும் ஒன்றையொன்று கிழித்துத் தோரணம் கட்டி எழுதுவார்கள். மதியம் ஒரே வரிசையில் நின்று சாப்பிடுவார்கள்.

தரைத்தளத்தின் பின்மூலையில், மேலே மாடி இல்லாத ஒட்டுக்கட்டடத்தில், ஊழியர்களின் பிள்ளைகளுக்கான காப்பகம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரைப் பெரியவர்களும் சின்னவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அக்காவுக்கு நேர்க்காட்சிவாதமும் தெரியாது, அதன் எதிர்ப்பும் தெரியாது. எந்தப் பிள்ளை பாலை முழுங்குகிறது, எது வாயில் அடக்கிவைத்துப் பக்கத்துப் பிள்ளைமேல் துப்பப்போகிறது என்பது தெரியும். அதிலும் சில நாள் ஏமாந்துபோவார்.

மழை விடாமல் அடித்த வாரத்தில் ஒரு மதியம், கையகலக் காரை ஒன்று கூரையிலிருந்து பெயர்ந்து ஒரு தலையணையின் நடுவில் விழுந்தது. அந்தத் தலையணைக்குச் சொந்தக்காரி ஒன்றரை வயதுப் பெண். எந்நேரமும் தூங்குவதால் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அன்றைக்கு அவள் தூக்கத்திலேயே உருண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போயிருந்தாள். அக்கா அண்ணாந்து பார்த்தார். சன்னலின் மேலிருந்து கிளம்பி மின்விசிறிக் கொக்கிவரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. காரைத் துண்டை எடுத்துக்கொண்டு நேரே தலைவர் அறைக்கு ஓடினார்.

“சார், காப்பகத்துக் கூரை விரிசல் விட்டிருக்கு. விழுந்துடும் சார்.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“உட்காருங்க. ரெண்டு விஷயம் சொன்னீங்க, ரெண்டுமே தப்பு. விரிசல்ங்கறது நீங்க பார்த்தது இல்ல. உள்ள என்னமோ பிளந்திருக்குன்னு நீங்களா நினைச்சுக்கிட்டது. நீங்க பார்த்தது ஒரு கோடு.”

“சரி சார், கோடு.”

“விழுந்துடும்ங்கறது அதைவிட மோசம். நாளைக்கு நடக்கப்போறதை இன்னைக்கு எங்க பார்த்தீங்க?”

அக்கா கையை நீட்டினார். “இதோ பாருங்க சார், காரை. குழந்தை தலையணையில விழுந்தது.”

“எனக்கு உங்க கையில ஒரு வெள்ளைத் துண்டு தெரியுது. விழுந்ததைப் பார்த்தது யாரு?”

“நான் அந்தப் பக்கம் பால் ஆத்திக்கிட்டு இருந்தேன். குழந்தைதான் பக்கத்துல இருந்துச்சு.”

“வாக்குமூலம் கொடுக்குமா?”

“தூங்கிட்டு இருந்துச்சு சார்.”

தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். “பாருங்கம்மா, நேத்து அந்தக் கூரை விழல. முந்தாநாள் விழல. கட்டடம் கட்டின நாள்லேர்ந்து ஒரு நாள்கூட விழல. அத்தனை சான்றும் கூரை பக்கம் இருக்கு. உங்க பக்கம் ஒண்ணுகூட இல்ல.”

“ஒரு தடவை விழுந்தாலே போதுமே சார்.”

“அப்ப வாங்க. விழுந்த உடனே வாங்க. நான் மறுக்கவே மாட்டேன்.” இதைச் சொல்லும்போது தலைவரின் முகத்தில் உண்மையான பெருந்தன்மை இருந்தது. அறிவுக்கு முன்னால் தலைவணங்கத் தயாராக இருப்பவர் அவர். அறிவு முதலில் கீழே விழ வேண்டும், அவ்வளவுதான்.

இருந்தாலும் கூரையைப் பார்த்துச் சொல்ல இரண்டு நோக்குநர்களை அனுப்பினார். தலைவரும் கூடவே வந்தார். ஆனால் அறைக்குள் வராமல் நடைபாதையிலேயே நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். “தூரத்திலேர்ந்து பார்த்தாத்தான் முழுசாத் தெரியும்” என்றார்.

நோக்குநர்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலைத் தாடையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, சில நாள் கூரையையே பார்த்தார்கள். இருவருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒருவரின் வலி மற்றவருக்குத் தெரியாது என்பதால் அதை யாரும் பதிவுசெய்யவில்லை. முடிவில் ‘ஒரு கோடு தெரிந்தது’ என்று அறிவித்தார்கள்.

“முதல் நாள் பார்த்ததுக்கு இப்ப நீளமா இல்லீங்களா?” என்று கேட்டார் அக்கா.

“முதல் நாள் கோடு இப்ப எங்களுக்குத் தெரியாதும்மா. அது முதல் நாள்தான் தெரியும்.”

அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல், கோட்டின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டினார்கள். விரிசல் அகன்றால் பட்டை உடைந்துவிடும். கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான். மறுநாள் காலையில் பட்டை இரண்டாக உடைந்து கிடந்தது.

“அப்ப கூரை பிளக்குதுன்னுதானே சார் அர்த்தம்?”

“கண்ணாடி உடைஞ்சா அது கண்ணாடியைப் பத்தின செய்திம்மா” என்றார் மூத்த நோக்குநர். “மட்டமான கண்ணாடியா இருக்கும்.”

தடித்த கண்ணாடி வந்தது. அதுவும் உடைந்தது. பசையின்மேல் சந்தேகம் வந்து பசையை மாற்றினார்கள். பிறகு கடையை மாற்றினார்கள். கண்ணாடியை ஒட்டிய பையனின் கை சரியில்லை என்று அவனையும் மாற்றினார்கள். கூரையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. கடைசியில் இளைய நோக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. கண்ணாடிக்குப் பதிலாக ஒரு ரப்பர்ப் பட்டையை ஒட்டினார்கள். அது உடையவேயில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

அக்காவுக்குத்தான் இல்லை. மறுநாள் தூங்குமூஞ்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் மாடிக்கு ஏறினார். கீழே இருப்பவர்களின் கொள்கை தப்பு என்று இவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், இவர்களுக்காவது புரியாதா என்ற நம்பிக்கை.

மறுப்பாளர் அவரை எழுந்து நின்று வரவேற்றார். “நீங்க சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. கீழ இருக்கறவங்க ஒரு விஷயத்தை நிரூபிக்கப் பார்க்கறாங்க. எதையும் நிரூபிக்க முடியாதும்மா. தப்புன்னு காட்டத்தான் முடியும். அறிவு அப்படித்தான் வளருது.”

“அப்ப கூரையைச் சரிபண்ணச் சொல்லுவீங்களா சார்?”

“அதுக்கு முன்னாடி ஒரு துணிச்சலான ஊகம் வேணும். நாங்க போன வாரமே ஊகிச்சுட்டோம். இந்தக் கூரை விழாது.”

“விழாதுன்னா சொல்றீங்க?”

“ஊகம்தாம்மா. தினமும் சாயங்காலம் ஆள் அனுப்பிப் பார்க்கறோம். இதுவரைக்கும் எங்க ஊகம் பொய்யாகல. ஆனா பொய்யாகணும்னுதான் எங்களுக்கு ஆசை. எங்க ஊகம் ஒண்ணு உடைஞ்சா எங்களை மாதிரி சந்தோஷப்படறவங்க யாரும் இருக்க மாட்டாங்க.”

“அடியில குழந்தைங்க இருக்காங்க சார்.”

“அதனாலதான் அது கடுமையான சோதனை” என்றார் மறுப்பாளர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அறிவின் வளர்ச்சியை நினைத்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

இரண்டாம் மாடியில் சட்டகத்தார் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அக்காவுக்குத் தேநீர் கொடுத்தார், தூங்குமூஞ்சிக்குப் பிஸ்கட் கொடுத்தார். சொன்னதை எல்லாம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். இப்படி ஒரு மனிதரை அந்தக் கட்டடத்தில் அக்கா பார்த்ததே இல்லை.

“நீங்க பார்க்கறது விரிசல். தலைவர் பார்க்கறது கோடு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஒவ்வொருத்தரும் ஒரு சட்டகத்துக்குள்ள நின்னு பார்க்கறீங்க. நீங்க வேற உலகம், அவர் வேற உலகம்.”

“ரெண்டு உலகத்துக்கும் ஒரே கூரைதானே சார்?”

சட்டகத்தார் இதை ரசித்துச் சிரித்தார். “நல்லா சொன்னீங்க. ஆனா இந்தச் சண்டையை வாதம் பண்ணித் தீர்க்க முடியாது. பழைய சட்டகத்துக்காரங்க ஓய்வு பெறணும். புதுத் தலைமுறை வரணும். அப்பத்தான் எல்லாருக்கும் அது விரிசலாத் தெரியும்.”

“தலைவர் எப்ப சார் ஓய்வு பெறுவார்?”

“இன்னும் ஒன்பது வருஷம் இருக்கும்.”

தூங்குமூஞ்சி அதற்குள் பிஸ்கட்டோடு தூங்கிப்போயிருந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது அக்காவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அன்று மாலையே தலைவர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். பெற்றோர் சிலரிடம் ‘கூரை விழும்’ என்று அக்கா சொல்லியிருந்தார். ஒரு தாய் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பொருளற்ற வாக்கியம் ஒன்றை நிறுவன வளாகத்தில் பரப்பியதற்காக அக்காவைக் கண்டித்திருப்பதாகவும், இன்னொரு முறை ‘விழும்’ என்ற சொல் வாயிலிருந்து வந்தால் வேலை போய்விடும் என்றும் தலைவர் சொன்னார்.

“இனிமே என்னதான் சார் சொல்லணும்?”

“தெரியறதை மட்டும் சொல்லுங்க. ‘எனக்கு இப்போது மேலே ஒரு கோடு தெரிகிறது.’ அதோட நிறுத்திக்கணும். காரணம் கூடாது, நாளைக்கு என்ன ஆகும்ங்கறது கூடாது, பயமுறுத்தல் கூடாது. சொல்லிப் பாருங்க.”

அக்கா சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுபவர். இரவுச் சாப்பாட்டின்போது முழுக் கதையையும் கேட்டார்.

“நான் பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்கை ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பேன். சந்தேகமா இருந்தா எடுக்க மாட்டேன். ‘இதுவரைக்கும் மோதலையேப்பா’ன்னு மேனேஜர் சொன்னா, ‘அப்ப நீங்க முன் சீட்ல வந்து உட்காருங்க சார், எடுக்கறேன்’னு சொல்வேன்.”

“உட்காருவாரா?”

“இதுவரைக்கும் உட்கார்ந்ததில்ல.”

“எனக்கு பயமா இருக்குங்க.”

“பயத்தை அங்க போய்ச் சொல்லிடாதே. எத்தனை கிலோன்னு கேப்பாங்க.”

அக்கா சிரிக்கவில்லை. தட்டில் விரலால் கோலம் போட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, “வேலை போனா போகட்டும்” என்றார். கணவர் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு, “போகட்டும்” என்றார்.

காப்பகத்துப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஒரு நீளக் கயிறு உண்டு. அடிக்கொரு முடிச்சு, முடிச்சுக்கொரு பிள்ளை. மறுநாள் காலையில் அக்கா எல்லோரையும் கயிற்றைப் பிடிக்கவைத்து, தூங்குமூஞ்சியை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, தரைத்தளத்தின் முன்பக்கம் நோக்கி நடந்தார். அங்கேதான் நிறுவனத்தின் மன்றம் இருந்தது. தடித்த கம்பளம், நீள மேசை, கொக்கி கொக்கியாக விளக்குகள். தலைவரும் உறுப்பினர்களும் கூடி, எந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டு, எதற்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் இடம். வாசலில் வாயிற்காவலர் நின்றார்.

“எனக்கு இப்போது குழந்தைகள் தெரிகிறார்கள்” என்றார் அவர், விதிப்படி.

“தெரியட்டும் அண்ணே. கதவைத் திறங்க.”

காவலர் கயிற்றைப் பார்த்தார். ஐந்தாவது முடிச்சில் அவருடைய சின்னப் பெண் நின்றுகொண்டு மூக்கை நோண்டினாள். காவலர் கதவைத் திறந்துவிட்டு, தனக்கு எதுவும் தெரியாத திசையில் திரும்பி நின்றுகொண்டார்.

தலைவர் வந்தபோது நீள மேசைக்கடியில் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய நாற்காலியில் பால் சிந்தியிருந்தது.

“என்னம்மா இது? இது மன்றம்.”

“தெரியும் சார். காப்பகம் காலியா இருக்கு. கூரைக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மன்றத்தை அங்க வெச்சுக்குங்க.”

காப்பகத்தில் வெளிச்சம் போதாது என்றார் தலைவர். நாற்காலிகள் சின்னவை என்றார். பால் நாற்றம் சிந்தனையைக் கெடுக்கும் என்றார். கூரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. உறுப்பினர்களுக்கும் ஒவ்வொருவராக வேறு வேலை வந்துவிட்டது. பிள்ளைகளை வெளியே தள்ளக் காவலரைக் கூப்பிட்டார்கள். காவலருக்கு அன்று கூப்பிட்டது எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க மன்றம் கூடவில்லை. பொருளுள்ளது எது, பொருளற்றது எது என்று சொல்ல ஆளில்லாமல் நாடு எப்படியோ தட்டுத்தடுமாறி நடந்தது.

வாரக்கடைசிக்கு முன்பே அது நடந்தது. அக்கா பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டடத்தின் பின்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். நடைபாதை முழுக்க வெள்ளைப் புழுதி. பிள்ளைகளைக் காவலரிடம் விட்டுவிட்டு அக்கா ஓடிப்போய்ப் பார்த்தார். கூரையில் பாதி கட்டில்களின்மேல் கிடந்தது. மின்விசிறி ஒரு தொட்டிலுக்குள் தலைகுப்புறக் கிடந்தது. தூங்குமூஞ்சியின் தலையணை இருந்த இடமே தெரியவில்லை. அந்தக் கட்டிலின் கால்கள் நான்கு பக்கமும் விரிந்து போயிருந்தன. அக்கா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற பெருமை அவருக்கு ஒரு துளிகூட இல்லை. யாராவது பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தால் என்ற ஒரே நினைப்புதான்.

நிறுவனமோ விழாக்கோலம் பூண்டது. மெய்ப்பிப்புப் பிரிவு, ‘கூரை விழும்’ என்ற வாக்கியம் முறைப்படி மெய்ப்பிக்கப்பட்டதாக அறிவித்தது. மறுப்புப் பிரிவு, தங்கள் துணிச்சலான ஊகம் கடைசியில் பொய்த்துவிட்டதென்று இனிப்பு கொடுத்தது. சட்டகப் பிரிவு, ஒரு யுகம் முடிந்து இன்னொன்று பிறந்ததாக நீளமாக எழுதியது. மூவரும் சேர்ந்து அடுத்த வாரம் மன்றத்திலேயே பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் மூலையில் ஒரு திரைக்குப் பின்னால் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள்.

தலைவர் பேசினார். “அம்மா சொன்ன வாக்கியம் விழுந்த அன்னைக்குப் பொருளுள்ளதா மாறிடுச்சு. அதை நாங்க முழு மனசோட ஒத்துக்கறோம். ஆனா சொன்ன அன்னைக்கு அதுக்குப் பொருள் இல்ல. அதனால அந்தக் கண்டிப்பு அப்படியே இருக்கும். விதின்னா எல்லாருக்கும் விதிதான். இன்னொரு நல்ல செய்தி. காப்பகத்தைச் சரிபண்ணியாச்சு. மிச்சக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கோம். நோக்குநர்கள் பார்த்துட்டாங்க. கோடு தெரியல. தெரியலன்னா இல்ல. நாளைக்குக் காலையில குழந்தைங்க அங்க போயிடலாம்.”

கைதட்டல். அக்கா முன்வரிசையில் கல்லாக உட்கார்ந்திருந்தார். அன்று காலையில்தான் அவர் காப்பகத்துக்குப் போய் அந்தச் சுண்ணாம்பைப் பார்த்திருந்தார். ஈரம்கூடக் காயவில்லை.

“அம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க” என்றார் தலைவர். “நிறுவன முறைப்படி.”

அக்கா எழுந்து ஒலிவாங்கி முன் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி, உறுப்பினர்களின் தலைக்கு நேர்மேலே கூரையைப் பார்த்தார். தலைவர் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார்.

“எனக்கு இப்போது மேலே ஒரு கோடு தெரிகிறது.”

முதலில் எழுந்தது தலைவர்தான். மறுப்பாளர் அவரை இடித்துக்கொண்டு முன்னே போனார். சட்டகத்தார் சொன்ன வேறு வேறு உலகத்துக்காரர்கள் ஒரே கதவில் சிக்கி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். நோக்குநர்கள் சன்னல் வழியாக இறங்கினார்கள். நாற்காலிகள் சரிந்தன, ஒரு செருப்பு மேசைமேல் கிடந்தது. பார்ப்பதற்கென்றே கட்டிய அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

புழுதி எதுவும் எழவில்லை. சத்தமும் இல்லை. சற்று நேரம் கழித்துத் தலைவர் நடைபாதையில் நின்றபடியே கழுத்தை நீட்டினார்.

“என்ன கோடும்மா அது?”

“விளக்குக்குப் போற வயர் சார்.”

தலைவரின் முகம் சிவந்தது. “அப்ப எதுக்கு கூரை விழப்போகுதுன்னு சொன்னீங்க?”

“நான் அப்படிச் சொல்லலையே சார். கோடு தெரியுதுன்னுதான் சொன்னேன். மத்ததெல்லாம் நீங்களா நினைச்சுக்கிட்டது.”

வாயிற்காவலர் எதையோ பார்ப்பதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

“நாளைக்குக் குழந்தைங்க அங்க போகாது சார்” என்றார் அக்கா. “முதல்ல அந்தச் சுண்ணாம்புக்குக் கீழ நீங்க எல்லாரும் ஒரு வாரம் உட்காருங்க. அப்புறம் பேசலாம். இப்ப தூங்கற நேரம், சத்தம் போடாதீங்க.”

திரைக்குப் பின்னால் தூங்குமூஞ்சி புரண்டு படுத்தாள். அக்கா மன்றத்தின் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்.